மெக்சிக்கோவின் தொலைபேசிப் பதிவேடு

ஆட்கடத்தலும் தொலைபேசி மிரட்டலும் பெருகிய மெக்சிக்கோவில், முற்கொடுப்பனவுச் செல்லிடத் தொலைபேசி வைத்திருப்போர் தம் அடையாளத்தைப் பதிதல் வேண்டுமென 2009ஆம் ஆண்டு விதிக்கப்பட்டது. பதிவைக் குறுஞ்செய்தி மூலமும் செய்ய முடிந்தது. அனுப்பியவர் அப்பெயருக்குரியவர்தாமா என ஆராய வழியிருக்கவில்லை. ஆதலின் எதிர்ப்பாளர் பலர் அன்றைய சனாதிபதி பெலிப்பே கல்தெரோனின் பெயரிலேயே தம் இலக்கங்களைப் பதிந்தனர். நகைப்புக்குரிய இச்செயல் திட்டத்தின் அடிப்படைக் குறையை அம்பலப்படுத்தியது. குற்றம் புரிய எண்ணுபவன் தன் பெயரையா தருவான்? பழியோ பெயருக்குரிய அப்பாவியையே சேரும். 2012இல் அப்பதிவேடு ஒழிக்கப்பட்டது. எனினும், கைரேகை முதலிய உடலடையாளங்களையும் கோரும் சட்டமொன்று 2021இல் எழுந்தது. அந்தரங்க உரிமைக்கு முரணானதென 2022 ஏப்ரலில் அந்நாட்டு உயர் நீதிமன்றம் அதனைச் செல்லாதாக்கியது. 2025ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டமோ பதிவை மீண்டும் கொணர்ந்தது.