‘சீராய்வு’ என்னும் ஒரு சொல்லும் ஹைதராபாத்தின் மூன்று சொற்களும்

உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்பைத் தானே மீண்டும் பார்க்க வேண்டும் என்று தாக்கலாகும் மனுவைத் தமிழ் நாளேடுகள் ‘சீராய்வு மனு’ என்று எழுதுகின்றன. கீழமை நீதிமன்றத்தின் ஆணையைச் சென்னை உயர் நீதிமன்றம் சரிபார்க்க வேண்டும் என்று தாக்கலாகும் மனுவும் ‘சீராய்வு மனு’தான். ஆங்கிலத்தில் முன்னது ரிவியூ, பின்னது ரிவிஷன். சட்டத்தில் இவ்விரண்டும் வெவ்வேறு வழிகள். ஒரே பெயரால் இரண்டையும் வழங்குவதில் என்ன இழப்பு என்பதை ஹைதராபாத் நீதிமன்றங்களின் வரலாற்றைக் கொண்டு விளக்க முயல்கிறேன்.

முதலில் வேறுபாட்டைக் காண்போம். 1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டம் மூன்று வழிகளைத் தனித்தனியே வகுத்துள்ளது. 96ஆம் பிரிவு மேல்முறையீடு பற்றியது: வழக்கு மேல் நீதிமன்றத்துக்குச் செல்கிறது, சாட்சியமும் சட்டமும் முழுமையாக மீண்டும் எடைபோடப்படுகின்றன. 114ஆம் பிரிவு ரிவியூ பற்றியது: தீர்ப்பளித்த நீதிமன்றமே தன் தீர்ப்பைத் திரும்பிப் பார்க்கிறது. புதிய முக்கியச் சான்று கிடைத்திருக்க வேண்டும், அல்லது ஆவணத்தின் முகப்பிலேயே பிழை தென்பட வேண்டும், அல்லது அவற்றுக்கு ஒப்பான போதிய காரணம் இருக்க வேண்டும். 115ஆம் பிரிவு ரிவிஷன் பற்றியது: மேல்முறையீட்டுக்கு இடமில்லாதபோது, கீழ் நீதிமன்றம் தன் அதிகார வரம்பை மீறியதா, முறைதவறி நடந்ததா என்பதை உயர் நீதிமன்றம் கண்காணிக்கிறது. காலவரம்பும் வேறு. முன்னதற்கு 30 நாள். பின்னதற்கு 90 நாள்.

நிஜாம் ஆட்சியில் ஹைதராபாத்தின் அலுவல் மொழியாகப் பாரசீகம் இருந்த இடத்துக்கு 1884இல் உருது வந்தது. அந்நீதிமன்றங்களில் வழங்கிய உருதுச் சொற்கள் மூன்று. மேல்முறையீட்டுக்கு ‘முராஃபா’; ‘உயர்த்துதல்’ என்னும் பொருள் தரும் அரபு வேரிலிருந்து வந்தது. ரிவியூவுக்கு ‘நஸர்-எ-சானி’; நஸர் என்றால் பார்வை, சானி என்றால் இரண்டாவது. ரிவிஷனுக்கு ‘நிக்ரானி’, கண்காணிப்பு என்பது அதன் பொருள். வழக்கை மேலே கொண்டுசெல்லுதல், அதே கண்கள் இரண்டாம் முறை பார்த்தல், மேலிருந்து கண்காணித்தல் என யார் பார்க்கிறார், எங்கிருந்து பார்க்கிறார் என்பதை ஒவ்வொரு சொல்லும் தனக்குள்ளேயே வைத்திருக்கிறது. சட்டம் படிக்காத வழக்காடியும் சொல்லைக் கேட்ட அளவில் தான் எந்த வாயிலில் நிற்கிறோம் என்பதை ஓரளவு ஊகிக்க முடியும்.

இந்த வாயில்களின் வேறுபாடு மனித உயிர்களைத் தொட்ட வழக்கு ஒன்று அதே ஹைதராபாத்தில் எழுந்தது. 1948 செப்டம்பரில் இந்தியப் படை ஹைதராபாத்தினுள் நுழைந்தபின், இராணுவ ஆளுநர் ஜே. என். சௌத்ரியின் ஆட்சியில் சிறப்புத் தீர்ப்பாயங்கள் அமைக்கப்பட்டன. தெலங்கானா விவசாயிகள் போராட்டத்தோடு தொடர்புபடுத்தப்பட்ட சிலருக்கு அவை 1949 ஆகஸ்டில் மரண தண்டனை விதித்தன. ஹைதராபாத் உயர் நீதிமன்றம் அதே ஆண்டு டிசம்பரில் அதை உறுதிசெய்தது. அதற்கு மேல் இருந்தது சமஸ்தானத்தின் நீதிக்குழு; இலண்டன் பிரிவி கவுன்சிலைப் போன்ற இறுதி மன்றம். ஆனால் 1950 ஜனவரி 26 அன்று அரசமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்ததும், அதன் 374ஆம் உறுப்பின்படி அக்குழுவின் அதிகாரம் முடிந்தது. குழுவின்முன் நிலுவையில் இருந்தவை மட்டுமே உச்ச நீதிமன்றத்துக்கு மாறின. இவர்களது வழக்கு அவற்றுள் இல்லை.

எனவே அவர்கள் 136ஆம் உறுப்பின்கீழ்ச் சிறப்பு அனுமதி கோரினர். ‘ஜனார்தன் ரெட்டி எதிர் ஹைதராபாத் அரசு’ என்னும் அவ்வழக்கில், 1950 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் மறுத்தது. தீர்ப்பு வழங்கப்பட்ட நாளில் ஹைதராபாத் நீதிமன்றங்கள் ‘இந்திய ஆட்சிப்பரப்பில்’ இருக்கவில்லை என்பது காரணம். அடுத்து, வழக்கறிஞர் வைத்துக்கொள்ளத் தக்க வாய்ப்பு விசாரணையில் தரப்படவில்லை என்று கூறி, 32ஆம் உறுப்பின்கீழ் ஆட்கொணர்வு மனு தாக்கல் செய்தனர். 1951 மார்ச்சில் அதுவும் தள்ளுபடியானது. அதிகாரமுள்ள நீதிமன்றம் தண்டித்திருக்குமானால், அதன் விசாரணையில் நேர்ந்த பிழைகளை ஆராய ஆட்கொணர்வு மனு வழியாகாது. அது மேல்முறையீட்டின் வேலை என்பது தீர்ப்பின் சாரம். மேல்முறையீட்டு வாயிலோ முன்பே மூடப்பட்டிருந்தது. இறுதியில் அவர்களைத் தூக்குமேடையிலிருந்து காத்தது நீதிமன்றத்தின் மறுபார்வை அன்று, தண்டனைக் குறைப்பே.

குறை எத்துணைப் பெரிதாயினும், அதைச் சொல்லத் தக்க வாயில் திறந்திருக்க வேண்டும். வாயிலின் பெயரைப் பிழையாக அறிந்தவர் அதைத் தேடும் காலத்தையே இழக்கக்கூடும். இன்றும் இது பொருந்தும். குற்றவியல் நீதிமன்றம் கையொப்பமிட்ட தன் தீர்ப்பைத் தானே மாற்ற, சட்டத்தில் வெளிப்படையாக வகுத்த சூழல்கள் தவிர, இயலாது. எழுத்துப்பிழையையும் கணக்குப்பிழையையும் மட்டுமே திருத்தலாம். 1973ஆம் ஆண்டுச் சட்டத்தின் 362ஆம் பிரிவு இவ்வாறு கூறியது. இப்போதைய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவும் இவ்விதியைத் தொடர்கிறது. உச்ச நீதிமன்றத்துக்கு மட்டும் 137ஆம் உறுப்பு அந்த ஆற்றலை அளித்துள்ளது. அம்மனுக்கள் பொதுவாக நீதிபதிகளின் அறையிலேயே முடிக்கப்பட்டுவந்தன. மரண தண்டனை வழக்குகளில் மட்டுமாவது திறந்த மன்றத்தில் வாய்மொழி வாதம் கேட்கப்பட வேண்டும் என 2014இல் முகமது ஆரிஃப் வழக்கில் தீர்ப்பானது. இச்செய்திகளைத் தமிழில் படிக்கும் ஒருவர், ‘சீராய்வு’ என்ற ஒரே சொல்லைக் கண்டு, அமர்வு நீதிமன்றத்திடமும் இதே உரிமை தமக்குண்டு என்று எண்ணினால் அவரைக் குறைசொல்ல இயலாது.

ஆகவே என் கருத்து எளியது. ரிவிஷனுக்குச் ‘சீராய்வு’ என்பது நிலைபெற்றுவிட்டது; கீழ் நீதிமன்றத்தின் நடவடிக்கையைச் சீர்செய்தல் என்னும் பொருளும் அதற்குப் பொருந்துகிறது. ரிவியூவுக்கு, ஏற்கெனவே வழக்கிலுள்ள ‘மறுஆய்வு’ என்னும் சொல்லையே ஆய்வேடுகளிலும் பாடநூல்களிலும் நாளேடுகளிலும் ஒரே சீராகக் கையாளலாம். நஸர்-எ-சானிக்கு அதுவே நெருங்கிய தமிழ். தமிழ்வழிச் சட்டக் கல்வியில் இருக்கும் ஆசிரியர்களும் மாணவர்களும் தங்கள் வகுப்பறைகளில் எச்சொல் வழங்குகிறது என்பதைப் பின்னூட்டத்தில் தெரிவித்தால், உரையாடலைத் தொடரலாம்.