பெற்றோரை எவரிடம் ஒப்படைக்கிறோம்? தாம்பரம் சானடோரியம் தரும் படிப்பினை

சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் செல்லும் மின்சார ரயிலில், குரோம்பேட்டையை அடுத்து வரும் நிலையத்தின் பெயர் தாம்பரம் சானடோரியம். ஒரு மருத்துவமனையால் பெயர் பெற்ற நிலையம் அது. அவ்வழியே நாள்தோறும் பயணிக்கும் நாம் அப்பெயரின் வரலாற்றை எண்ணிப் பார்ப்பதில்லை. ஆனால் முதிய பெற்றோரைப் பராமரிப்பது குறித்துத் தடுமாறும் நம் குடும்பங்களுக்கு அவ்வரலாறு பயன்தரும்.

பக்கவாதத்தால் படுக்கையில் விழுந்த அத்தாவை இரவும் பகலும் கவனிக்க ஆளில்லை. பிள்ளைகள் வளைகுடாவில் இருக்கிறார்கள். பல்லாவரத்திலோ சேலையூரிலோ ஒரு நர்ஸிங் ஹோமில் சேர்ப்பதைத் தவிர வேறு வழி தெரியவில்லை. ஆனால் 'பெற்றவரைக் கொண்டுபோய்த் தள்ளிவிட்டார்கள்' என்னும் ஊர்ப்பேச்சு நம்மை அச்சுறுத்துகிறது. அந்த வெட்கத்தால் எவரிடமும் விசாரிக்காமல் அவசரமாக இடத்தைத் தேர்ந்தெடுக்கிறோம். சேர்த்த பின்னர், சென்று பார்ப்பதையும் குறைத்துக்கொள்கிறோம். பெற்றோரிடம் சலிப்பின் ஒரு சொல்லும் கூடாது என்று அல்குர்ஆன் நமக்குக் கட்டளையிடுகிறது. அப்படியிருக்க, அவர்களை விசாரிப்பாரின்றி விடுவது எத்தகைய குற்றம்!

நோயாளியைத் திறமையுள்ளவர் கையில் ஒப்படைப்பது நம் மார்க்கத்துக்கு அந்நியமானதன்று. ஹிஜ்ரி 5-இல் நடந்த அகழ்ப் போரில் காயமுற்ற ஸஅத் இப்னு முஆத் (ரழி) அவர்கள், காயங்களுக்கு மருந்திடுவதில் தேர்ந்த ருஃபைதா (ரழி) அவர்களின் பராமரிப்பில் விடப்பட்டார்கள். அருகிலிருந்தே நலம் விசாரிப்பதற்காக நபி (ஸல்) அவர்கள் அவருக்குப் பள்ளிவாசலிலேயே கூடாரம் அமைக்கச் செய்தார்கள். ஒப்படைத்தலும் விசாரித்தலும் அங்கே ஒருசேர நிகழ்ந்தன.

அவ்வழியில் பின்னர் பீமாரிஸ்தான்கள் எழுந்தன. கெய்ரோவில் சுல்தான் கலாவூன் 1284-இல் நிறுவிய மருத்துவமனையில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனிப்பிரிவுகள் இருந்தன. ஒவ்வொரு நோயாளிக்கும் உணவைத் தனிக்கிண்ணத்தில் மூடித் தரவேண்டும், வெயில் காலத்தில் விசிறிகள் தரவேண்டும் என்பன போன்ற சிறு செய்திகளும் அதன் வக்ஃபு ஆவணத்தில் எழுதப்பட்டன. கட்டடத்தின் பெருமையோடு நின்றுவிடாமல், கிண்ணத்தின் மூடியையும் கருத்தில் கொண்டதே அந்த ஆவணத்தின் சிறப்பு.

இனி நம் தாம்பரத்துக்கு வருவோம். டாக்டர் டேவிட் ஜேக்கப் ஆரோன் சவுரிமுத்து இங்கிலாந்தின் மெண்டிப் குன்றுகளில் காசநோய் சானடோரியம் நடத்தியவர். கணித மேதை இராமானுஜன் 1917-இல் அங்கே அவரிடம் சிகிச்சை பெற்றார். இங்கிலாந்தில் சிகிச்சை பெற்ற காலத்தில், தமக்கு ஏற்ற உணவு கிடைக்காமல் இராமானுஜன் துன்புற்றது நாம் மறக்கலாகாத செய்தி. சவுரிமுத்து 1928-இல் தாம்பரத்தில் ஒரு சானடோரியத்தைத் தொடங்கினார். காசநோய்க்கு மருந்து கண்டறியப்படாத காலம் அது. தூய காற்றும் ஓய்வும் சத்துணவும் கனிவான கவனிப்புமே சிகிச்சை. 1937-இல் அரசு அதனை ஏற்று நடத்தத் தொடங்கியது.

மருந்துகள் வந்த பின்னர் ஒரு கேள்வி எழுந்தது: நோயாளிக்குச் சானடோரியம் ஏற்றதா, வீடு ஏற்றதா? சென்னைச் சேத்துப்பட்டில் 1956-இல் தொடங்கப்பட்ட காசநோய் ஆய்வு மையம் இதனை ஆராய்ந்தது. நகரின் ஏழை நோயாளிகளுள் ஒரு பகுதியினர் சானடோரியத்திலும், மற்றவர்கள் நெருக்கடியான தம் வீடுகளிலும் ஒரே மருந்தை ஓராண்டு உட்கொண்டனர். சானடோரியத்தில் நல்ல உணவும் ஓய்வும் கிடைத்தன. வீடுகளில் அவை குறைவு. ஆயினும் வீட்டுச் சிகிச்சையும் ஏறக்குறைய அதே பலனைத் தந்தது. 1959-இல் வெளியான இம்முடிவு உலகெங்கும் காசநோய்ச் சிகிச்சையின் போக்கையே மாற்றியது. வீட்டிலிருந்த நோயாளிகளைப் பணியாளர் சென்று பார்த்தனர்; மருந்து உட்கொள்ளப்படுகிறதா என்று சோதித்தனர். அந்தக் கண்காணிப்பு இல்லாமல் அவ்வெற்றி இல்லை.

தாம்பரம் மருத்துவமனைக்கு மற்றொரு பெருமையும் உண்டு. எய்ட்ஸ் நோயாளிகளைப் பலரும் தீண்ட அஞ்சிய 1993-இல் அது அவர்களைச் சேர்த்துக்கொண்டது. 2004-இல் அரசு இலவசக் கூட்டுமருந்துச் சிகிச்சையைத் தொடங்கியபோது, முதலில் தேர்ந்தெடுக்கப்பட்ட மருத்துவமனைகளுள் அதுவும் ஒன்று. எவரும் விரும்பாத நோயாளியை எப்படி நடத்துகிறார்கள் என்பதும் ஒரு பராமரிப்பு இல்லத்தின் தரத்துக்கு உரைகல்லாகும்.

இவ்வரலாற்றை மனத்தில் கொண்டு நாம் இல்லங்களைப் பார்க்கச் செல்வோம். முன்னறிவிப்பின்றி, உணவு வேளையிலும் இரவிலும் செல்லவேண்டும். எழ இயலாதவர்களை எத்தனை மணிக்கொரு முறை புரட்டிப் படுக்க வைக்கிறார்கள், படுக்கைப் புண் உண்டா என்று கேட்கவேண்டும். இரவில் எத்தனை பேருக்கு ஒரு செவிலியர், அழைப்பு மணிக்கு எவர் வருகிறார், மருந்து கொடுத்த நேரம் ஏட்டில் பதியப்படுகிறதா என்று அறியவேண்டும். 1997-ஆம் ஆண்டின் தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ்ப் பெற்ற பதிவுச் சான்றையும் காட்டச் சொல்லலாம்.

நமக்கே உரிய கேள்விகளும் உண்டு. உணவு ஹலாலா? உளூச் செய்யவோ தயம்மும் செய்யவோ உதவுவார்களா? கட்டிலைக் கிப்லாவுக்கு ஏற்பத் திருப்ப இயலுமா? உம்மாவைக் குளிப்பாட்ட, உடை மாற்றப் பெண் பணியாளர் உண்டா? இவற்றைக் கேட்க நாம் கூச வேண்டியதில்லை. இராமானுஜன் பட்ட துன்பம் உணவும் சிகிச்சையின் பகுதி என்பதை நமக்குக் காட்டிவிட்டது.

இத்தனையும் பார்த்துச் சேர்த்த பின்னரும் நம் கடமை தீராது. உறவினர் முறைவைத்து அடிக்கடி வந்துபோகும் நோயாளியைப் பணியாளரும் கூடுதலாகக் கவனிப்பர். வெளிநாட்டில் இருப்போர் உள்ளூர் உறவினரிடமோ ஜமாஅத்தாரிடமோ அப்பொறுப்பை ஒப்புவிக்கலாம். முதியோர் புறக்கணிக்கப்படுவதாகத் தெரிந்தால், மூத்த குடிமக்களுக்கான உதவி எண் 14567-ஐ அழைக்கலாம்.

பெற்றோரை நர்ஸிங் ஹோமில் சேர்ப்பதில் வெட்கம் இல்லை. சேர்த்துவிட்டு மறப்பதிலேயே வெட்கம் இருக்கிறது. அவர்களுக்குப் பணிவிடை செய்யும் நற்பேற்றை அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக. ஆமீன்.