கல்வராயன் மலையின் நாட்டுத் துப்பாக்கியும் தற்காப்புரிமையும்

கள்ளக்குறிச்சிக்கு மேற்கே உயரும் கல்வராயன் மலை, 1976இல் அரசின் நேரடி ஆளுகைக்குள் வரும்வரை, ஜாகீர்தார்கள் எனப்பட்ட பரம்பரைத் தலைவர்களின் பிடியில் இருந்தது. அங்கு வாழும் மலையாளிப் பழங்குடியினர், காட்டுப்பன்றிகளிடமிருந்து விளைச்சலையும் உயிரையும் காக்க, குழாயின் வாய்வழியே கருமருந்தும் ஈயக் குண்டும் இட்டுக் கெட்டித்து ஒருமுறை மட்டுமே சுடக்கூடிய நாட்டுத் துப்பாக்கியைக் கையாண்டனர். 1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் உரிமமின்றி ஆயுதம் தாங்கிச் செல்வதைத் தடைசெய்தது. 1959ஆம் ஆண்டுச் சட்டம் பயிர்க்காவலுக்கு இவ்வகைத் துப்பாக்கிக்கு உரிமம் வழங்க இடமளித்தது. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம், 96 முதல் 106 வரையிலான பிரிவுகளில், தற்காப்புரிமையை, அதாவது உடலையும் உடைமையையும் தாக்குதலிலிருந்து காத்துக்கொள்ளும் உரிமையை ஏற்றபோதும், தேவைக்கு மிஞ்சிய தீங்கை 99ஆம் பிரிவு விலக்கியது. ஆகவே ஆயுதம் வைத்திருப்பதற்கான உரிமமும் அதைப் பிறர்மீது பயன்படுத்தும் உரிமையும் வெவ்வேறானவை என்பதே இச்சட்ட வரலாறு நிறுவும் உண்மையாகும்.