பள்ளியை அஞ்சிய பிள்ளைகள்

பாடசாலை செல்லும் வேளையிலே வயிற்றுவலி. விடுமுறை நாளிலே பூரண சுகம். இத்தகைய பிள்ளையைக் 'கள்ளன்' என்று ஏசிப் பிரம்பெடுப்பது நெடுநாளைய வழக்கம். அவ்வழக்கம் பிழையென உலகம் உணர்ந்த வரலாறு ஏறக்குறைய நூறாண்டு கொண்டது.

1932 இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் பிறோட்வின், பள்ளிக்கு வராதோருள் ஒரு சாரார் ஊர்சுற்றுவதில்லை, வீட்டிலேயே அஞ்சிக் கிடக்கின்றனர் என எடுத்துக்காட்டினார். 1941 இல் அடிலெயிட் ஜோன்சனும் துணைவரும் இதற்குப் 'பாடசாலைப் பீதி' எனப் பெயரிட்டு, தாயைப் பிரியும் அச்சமே இதன் வேர் என்றனர். தாய்க்கும் பிள்ளைக்கும் ஒருங்கே சிகிச்சையளித்தனர். 1960 இல் இலண்டனிலே ஹேர்சோவ் என்பார், அஞ்சி மறுக்கும் 50 பிள்ளைகளையும் ஒளித்துத் திரியும் 50 பிள்ளைகளையும் ஒப்பிட்டார். அஞ்சுவோர் படிப்பிலும் ஒழுக்கத்திலும் நல்லவராகவே காணப்பட்டனர். பிரம்படி யார்மேல் விழுந்தது என்பதை எண்ணுங்கள்!

அப்படியாயின் பரிகாரம் யாது? 1965 இல் கெனடி என்பார், திடீரென அச்சமுற்ற 50 பிள்ளைகளை நாட்கடத்தாது பள்ளிக்கு மீட்டு வெற்றி கண்டார். வீட்டிலிருக்கும் ஒவ்வொரு நாளும் அச்சத்துக்கு உரமாகும் என்பதே இதன் தத்துவம். பின்வந்த அறிகை நடத்தைச் சிகிச்சை, அஞ்சும் எண்ணத்தை ஆராயவும் அஞ்சும் இடத்தைப் படிப்படியாக அணுகவும் பயிற்றுகின்றது: இன்று படலைவரை, நாளை வகுப்பு வாசல்வரை, மறுநாள் ஒரு பாடம்.

மருந்தும் இடையே வந்தது. 1971 இல் இமிப்பிரமின் என்னும் மருந்து பலரை மீண்டும் பள்ளிக்கு அனுப்பிற்று. 2000 ஆம் ஆண்டில் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், அச்சமும் மனச்சோர்வும் கொண்ட இளம்பருவத்தினர் அனைவரும் மேற்கூறிய சிகிச்சையைப் பெற்றனர். எட்டு வாரங்களின் பின், இமிப்பிரமினும் உண்டோரின் வரவு ஏறக்குறைய 70 வீதம். வெற்று மாத்திரை உண்டோரது 28 வீதம். ஆயினும் இதயத்தைப் பாதிக்கக்கூடுமாதலால் அம்மருந்து இன்று முதற்றெரிவன்று. 2017 இல் வெளியான அவுஸ்திரேலிய ஆய்விலோ, புளொக்செற்றினைச் சேர்த்ததால் வரவில் மேலதிக பயன் காணப்படவில்லை. ஆகவே மருந்து ஊன்றுகோல், நடக்கவேண்டியது பிள்ளையே. அவ்வூன்றுகோலும் வைத்தியரின் மேற்பார்வையில் மட்டுமே ஏற்றது.

பெரியோர்களே, பிள்ளை முடங்கும்போது முதலில் வைத்தியரிடம் காட்டுங்கள்; அடுத்து ஆசிரியரோடு பேசுங்கள். இளைஞர்களே, வகுப்பிலே வெறுமையான ஓரிடத்தைக் கண்டால் நகையாதீர்கள். மறுநாட் காலை அத்தோழனின் படலையடியில் நின்று, "வா, சேர்ந்து போவோம்" என்று அழையுங்கள்.