தெரிவாகாதவர்களின் பெயர்கள்

2020 பெப்ரவரி. டோக்கியோ ஒலிம்பிக்கிற்கான ஜப்பான் ஆண்கள் ஜூடோ அணியை அறிவிக்கத் தலைமைப் பயிற்றுவிப்பாளர் கோசேய் இனோவே ஊடகங்களின் முன் வருகிறார். தெரிவானவர்களைப் பற்றிப் பேச வேண்டியவர், தெரிவாகாதவர்களின் பெயர்களைச் சொல்லத் தொடங்குகிறார். நாகயாமா, ஹஷிமோட்டோ... குரல் உடைந்து அழுகிறார். அந்தக் காணொளியைப் பார்க்க எங்களுக்கு முதலில் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது. ஒரு பயிற்றுவிப்பாளர் இப்படி அழலாமா எண்டு. அவருடைய போட்டிக் காலத்தைத் தேடி வாசித்த பிறகுதான் விசயம் விளங்கிச்சு.

மியாசாகியில் 1978இல் பிறந்தவர் இனோவே. அப்பா பொலிஸ்காரர், ஜூடோவும் அவரிடமிருந்துதான் வந்தது. 1999இல் அம்மா திடீரென இறந்துபோனார். அதே ஆண்டு பர்மிங்காமில் உலகச் சம்பியன். அடுத்த ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் 100 கிலோ பிரிவில் எல்லாப் போட்டியையும் இப்போனில் முடித்தார். இப்போன் எண்டால் முழுப் புள்ளி, ஆட்டம் அதோட சரி. இறுதிப் போட்டியில் கனடாவின் நிக்கோலா ஜில்லை வீழ்த்தியது அவருடைய பேர்போன உச்சிமாதா: எதிராளியின் தொடைகளுக்கு நடுவே ஒரு காலை விட்டு, மேலே கிளப்பி எறிகிற வீச்சு. பதக்க மேடையில் அம்மாவின் படத்தை உயர்த்திப் பிடித்திருந்தார்.

2001, 2003இலும் உலகச் சம்பியன். ஆக, 2004 ஏதென்ஸுக்கு ஜப்பான் அணி முழுவதற்கும் தலைவராகப் போனார். தோற்பார் என்று ஆர் நினைச்சது? காலிறுதியில் நெதர்லாந்தின் எல்கோ வான் டெர் கீஸ்ட் அவரை இப்போனில் வீழ்த்தினார். வெண்கலத்துக்கான வழியிலும் தோல்வி. வெறுங்கையோடு திரும்பினார்.

பிறகு 2005இல் நெஞ்சுத் தசை கிழிந்தது. திரும்பி வந்து பாரம் கூடிய பிரிவில் ஆடினார். 2008 ஏப்ரலில், பீஜிங் வாய்ப்பு தொங்கிக்கொண்டிருந்த அகில ஜப்பான் போட்டியில், பின்தங்கியிருந்த கடைசி நேரத்திலும் உச்சிமாதாவுக்கே போனார். அது தவறி, நிலத்தில் அமுக்கப்பட்டுத் தோற்றார். ஒலிம்பிக்குக்குத் தெரிவாகாமலே ஓய்வு.

இதை வைத்துத்தான் அந்தக் கண்ணீரை நாங்கள் பார்க்கிறோம். பட்டியலில் பேர் இல்லாமல் போவது எப்படியென்று அவருக்குச் சொல்லித் தரத் தேவையில்லை.

அவர் பொறுப்பெடுத்த நேரமும் நல்ல நேரமில்லை. 2012 லண்டனில் ஜப்பான் ஆண்கள் ஒரு தங்கம்கூட எடுக்கவில்லை. ஒலிம்பிக் ஜூடோ வரலாற்றில் அதுவே முதல் தடவை. சில மாதத்தில், பெண்கள் அணியின் 15 வீராங்கனைகள் தங்கள் பயிற்றுவிப்பாளர்கள் அடித்ததாக முறையிட்டிருந்தது வெளியே வந்தது. அடிச்சாத்தான் வீரன் உருவாவான் என்ற பழைய நம்பிக்கை நாடு முழுக்கப் பேசுபொருளானது. இனோவே ஆண்களை சம்போ மல்யுத்தம் பழகவிட்டார், உடற்பயிற்சிக்கும் உணவுக்கும் நிபுணர்களைக் கொண்டுவந்தார், தேநீர்ச் சடங்குக்கும் கூட்டிப்போனார். (கடைசியைக் கேட்டுச் சிரித்தவர்கள் எங்களிலும் உண்டு.) 2016 றியோவில் ஏழு பிரிவிலும் பதக்கம், இரண்டு தங்கம். 2021இல் நடந்த டோக்கியோவில் ஐந்து தங்கம். அதோடு விலகினார்.

அன்று அவர் பெயர் சொல்லி அழுத நாகயாமாவும் ஹஷிமோட்டோவும் 2024 பாரிஸுக்குப் போனார்கள். இரண்டு பேருக்கும் வெண்கலம்.