குழந்தை தானாக உறங்கப் பழகுதல்

தூளி ஆட்டம், தோளில் போட்டுத் தட்டுதல், பால் கொடுத்தே தூங்கவைத்தல் ஆகியவற்றின் துணையில்லாமல், விழித்திருக்கும்போதே படுக்கையில் விடப்பட்ட கைக்குழந்தை தானே கண்ணயரும் பழக்கத்துக்கு வருவது தானாக உறங்கப் பழகுதல் எனப்படும். பெரும்பாலும் ஆறு மாதம் கடந்த குழந்தைகளுக்கே மருத்துவர்கள் இதைப் பரிந்துரைக்கிறார்கள். குழந்தை இரவில் விழிக்காமல் பார்த்துக்கொள்வது இதன் நோக்கமன்று. விழித்த குழந்தை பெரியவர் கையை எதிர்பாராமல் மறுபடி உறங்குவதே நோக்கம். இந்த வேறுபாடு பிடிபடாத வீடுகளில் தாய்மார்கள் தேவையில்லாமல் மனம் நோகிறார்கள்.

ஏன் விழிக்கிறது

பெரியவர்களின் உறக்கச் சுற்று ஏறத்தாழ 90 நிமிடம். கைக்குழந்தைக்கு அது 50 முதல் 60 நிமிடமே. பிறந்த குழந்தையின் உறக்கத்தில் ஏறக்குறையப் பாதி, இமைக்குள் விழி உருள, கைகால் வெட்டி இழுக்க, முகம் சுளிக்கும் மேலோட்டமான உறக்கம். ஒரு சுற்று முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் லேசாக விழிப்புத் தட்டும். பகலும் இரவும் பிரித்தறியும் உடற்கடிகாரம் இரண்டு மூன்று மாதம் ஆன பிறகே மெல்ல அமைகிறது. முதல் மாதங்களின் இரவு அழுகை பெரும்பாலும் பசி. அப்போது பால் கொடுக்கத்தான் வேண்டும், பழக்கப்படுத்த அதில் எதுவுமில்லை.

அமெரிக்க மனநல மருத்துவர் தாமஸ் ஆண்டர்ஸ் குழந்தைகள் உறங்குவதை வீட்டிலேயே இரவு முழுவதும் வீடியோவில் பதிவுசெய்து, 1979இல் ஆய்வு முடிவை வெளியிட்டார். ராத்திரி முழுக்கத் தூங்குவதாகப் பெற்றோர் நம்பிய குழந்தைகளும் இடையில் விழித்தது பதிவில் தெரிந்தது. சில குழந்தைகள் கொஞ்ச நேரம் சும்மா கிடந்து மறுபடி தூங்கிப்போயின. சில அழுது வீட்டை எழுப்பின. மாலையில் விழித்த நிலையில் படுக்கவைக்கப்பட்ட குழந்தைகளே நள்ளிரவிலும் தாமாகத் தூங்கிப்போகும் வாய்ப்பு அதிகம் என்பதை அவருடைய பிற்கால ஆய்வு காட்டியது.

தூளியில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஆட்டத்தில் சொக்கிப்போன குழந்தை, கயிற்றைப் பிடித்திருந்த பாட்டியின் கை அசந்து நின்ற சிறிது நேரத்தில் நெளியும், சிணுங்கும், கண்ணைத் திறக்கும். தூங்கத் தொடங்கியபோது இருந்த ஆட்டம் விழித்தபோது இல்லை. மறுபடி ஆட்டினால் அடங்கிவிடும். அழுவது பிடிவாதத்தால் அன்று. உறக்கத்தின் வாசலில் எது இருந்ததோ அதையே குழந்தை கேட்கிறது.

பழக்கும் முறைகள்

அழுதாலும் உள்ளே போகாமல் விட்டுவிடுவது மிகக் கடுமையான முறை. 1959இல் சி. டி. வில்லியம்ஸ் என்ற உளவியலாளர் எழுதிய ஒரு சிறு குறிப்பு இதன் ஆரம்பகாலப் பதிவுகளில் முக்கியமானது. பிறந்து ஒன்றரை வருடம்வரை நோயில் கிடந்ததால் எப்போதும் ஆள் உடனிருந்தே வளர்ந்த, 21 மாதக் குழந்தை ஒருவனைப் பற்றியது அது. முதல் இரவு அவன் 45 நிமிடம் அழுதான். பத்தாம் முறை, பெற்றோர் அறையைவிட்டுப் போகும்போது சிரித்தான். சுமார் ஒரு வாரம் கழித்து அவன் மறுபடி அழ, உடன் கவனித்துவந்த உறவுக்காரப் பெண் மனம் இளகி உள்ளே போய் அவன் தூங்கும்வரை இருந்தார். எல்லாம் முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. கூட்டுக் குடும்பத்தில் இந்தப் பெண்ணின் இடத்தில் தாத்தாவோ பாட்டியோ இருப்பார்கள். அவர்களோடு முன்கூட்டியே பேசி ஒரு முடிவுக்கு வராமல் எந்த முறையையும் தொடங்குவது வீண். குழந்தைக்கும் அது குழப்பம்.

பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையைச் சேர்ந்த ரிச்சர்ட் ஃபெர்பர் 1985இல் வெளியிட்ட நூல் வழியே பரவியது படிப்படியாகக் காத்திருக்கும் முறை. குழந்தை அழுதால் முதலில் 3 நிமிடம், பிறகு 5, பிறகு 10 எனப் பொறுத்திருந்து உள்ளே போய், தூக்காமல், நாலு வார்த்தை பேசிவிட்டு வெளியே வந்துவிட வேண்டும். அடுத்தடுத்த இரவுகளில் இடைவெளி நீளும்.

இதைவிட மென்மையானது, குழந்தையின் அருகிலேயே உட்கார்ந்து, தட்டுவதைக் குறைத்து, சில நாளுக்கு ஒருமுறை சற்றுத் தள்ளி உட்காருவது. குழந்தைக்கென்று தனி அறை இல்லாத, பக்கத்துச் சுவருக்கு அப்பால் வேறு குடித்தனம் இருக்கும் நம் வீடுகளுக்கு இதுவே ஏற்றது. தூளிப் பழக்கத்தை விடுவிக்கவும் இந்தப் பாதை உதவும்: ஆட்டத்தை நாளுக்கு நாள் குறைத்து, நின்ற தூளியில் தூங்கப் பழக்கி, பிறகு பாய்க்கு மாற்றலாம். குழந்தை உண்மையில் தூங்கிப்போகும் நேரத்துக்கே படுக்கவைத்து, பிறகு அதைச் சிறிது சிறிதாக முன்னே கொண்டுவருவது மற்றொரு வழி.

கருத்து வேறுபாடு

அழவிடுவது குழந்தையின் மனத்தைப் புண்படுத்துமா என்ற கேள்வி இன்னும் ஓயவில்லை. நியூசிலாந்தில் 25 குழந்தைகளிடம் செய்து 2012இல் வெளியான ஆய்வில், மூன்றாம் நாள் அழுகை நின்ற பிறகும் குழந்தைகளின் கார்ட்டிசோல் என்னும் மன அழுத்த ஹார்மோன் அளவு குறையவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழு அந்த ஆய்வில் இல்லை. மெல்போர்னில் 326 குடும்பங்களைத் தொடர்ந்த ஆய்வு, மென்மையான இரு முறைகளில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளும் வாய்ப்பைத் தாய்மார்களுக்குக் கொடுத்தது. குழந்தைகளுக்கு இரண்டு வயதானபோது அந்தத் தாய்மார்களிடம் மனச்சோர்வு அறிகுறிகள் குறைவாக இருந்தன. ஆறு வயதில் பார்த்தபோது குழந்தைகளின் நடத்தையிலோ பெற்றோருடனான நெருக்கத்திலோ கேடும் இல்லை, தனிப்பட்ட நன்மையும் இல்லை. அடிலெய்டில் 43 குழந்தைகளை வைத்து நடந்து 2016இல் வெளியான ஆய்விலும் தாய்ப்பிணைப்புக்குக் குறைவு காணப்படவில்லை.

மறுபக்கம், மானிடவியலாளர் ஜேம்ஸ் மெக்கென்னா, தாயருகே படுத்துப் பால் குடித்தபடி தூங்குவதே மனிதக் குழந்தையின் இயல்பு என்று வாதிட்டார். தாயும் குழந்தையும் நன்றாகத் தூங்கி எழும் வீட்டில் மாற்ற வேண்டியது எதுவுமில்லை. உறக்கமின்றித் தாய் உருக்குலையும் வீட்டில் மாற்றத்தைத் தள்ளிப்போடவும் கூடாது.

பாதுகாப்பு

எந்த முறையானாலும் குழந்தையை மல்லாக்கப் படுக்கவைக்க வேண்டும். இதை வலியுறுத்தி அமெரிக்காவில் 1994இல் தொடங்கிய இயக்கத்துக்குப் பிறகு, உறக்கத்தில் நேரும் திடீர் மரணங்கள் பாதிக்கும் மேல் குறைந்தன. படுக்கை சமமாகவும் உறுதியாகவும், தலையணையும் தளர்ந்த போர்வையும் இல்லாமலும் இருக்க வேண்டும். குறைந்தது ஆறு மாதம் பெற்றோர் அறையிலேயே குழந்தை உறங்குவது நல்லது. தூளியில் குழந்தையின் முதுகு வளைந்து தாடை மார்பில் படியும்போது மூச்சுக்குழல் நெருக்கப்படலாம். சற்று வளர்ந்த பிள்ளைகள் சேலைத் தூளியில் கழுத்துச் சிக்கி இறந்த செய்திகளும் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன.

காய்ச்சல், ஊர்ப்பயணம் போன்ற நாள்களில் நன்கு பழகிய குழந்தையும் மறுபடி கை கேட்கும்; கொடுக்கலாம், உடம்பு தேறியதும் பழைய வழக்கத்துக்குத் திரும்பலாம். குறைமாதத்தில் பிறந்த, எடை ஏறாத, அடிக்கடி பாலைக் கக்கும் அல்லது உறக்கத்தில் குறட்டை விடும் குழந்தையை முதலில் குழந்தைநல மருத்துவரிடம் காட்டிய பிறகே இதைத் தொடங்க வேண்டும்.