விரல்மீட்டு ஜாஸ் கிட்டார்

விரல்மீட்டு ஜாஸ் கிட்டார் என்பது, பிக் எனப்படும் மீட்டுவில்லை இன்றி, வலக்கை விரல்களால் தந்திகளை நேரடியாக மீட்டி ஜாஸ் இசையை வாசிக்கும் முறையாகும். பக்கவாத்தியம் இல்லாமல் ஒருவரே தனித்து வாசிக்கும்போது இம்முறை பெரிதும் பயன்படுகிறது. மெட்டு, சுரக்கூட்டு (கார்ட்), பேஸ் எனப்படும் தாழ்குரல் ஆகிய மூன்றையும் ஒரே கருவியில் கேட்கச் செய்வதே இதன் நோக்கமாகும்.

விரல்களின் பணி

பிக் கொண்டு மீட்டும்போது தந்திகள் ஒன்றன்பின் ஒன்றாகவே ஒலிக்கும். விரல்களால் மீட்டும்போது, அடுத்தடுத்து அமையாத தந்திகளையும் பியானோவில் போல ஒரே கணத்தில் ஒலிக்கச் செய்யலாம். செவ்வியல் கிட்டார் மரபைப் பின்பற்றி, பெருவிரல் தாழ்ந்த தந்திகளுக்கும், சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரல் ஆகியன உயர்ந்த தந்திகளுக்கும் பொதுவாக ஒதுக்கப்படுகின்றன. சிலர் சுண்டுவிரலையும் பயன்படுத்துவர்.

மெட்டு பெரும்பாலும் உயர்ந்த தந்தியில் அமைவதால் அது மோதிரவிரலின் பொறுப்பாகிறது. அவ்விரல் இயல்பில் வலுக்குறைந்தது, பெருவிரலோ வலியது. எனவே பயிற்சி போதாதவரின் வாசிப்பில் பேஸ் ஓங்கி, மெட்டு அமுங்கிவிடும். ஒரே சுரக்கூட்டைப் பலமுறை மீட்டி, ஒவ்வொரு முறையும் வெவ்வேறு குரலை ஓங்கச் செய்வது இதற்குரிய பயிற்சியாகும்.

சுரங்களைக் குறைத்தல்

எல்லாச் சுரங்களையும் எப்போதும் வாசிக்க இயலாது. அதற்குத் தேவையும் இல்லை. ஒரு சுரக்கூட்டின் தன்மையை அதன் மூன்றாம், ஏழாம் சுரங்களே பெரும்பாலும் உணர்த்திவிடுகின்றன. ஜாஸில் அடிக்கடி வரும் டி மைனர் 7, ஜி 7, சி மேஜர் 7 என்னும் தொடரை எடுத்துக்கொண்டால், முதலாவதற்கு எஃப், சி என்பனவும், இரண்டாவதற்கு எஃப், பி என்பனவும், மூன்றாவதற்கு இ, பி என்பனவும் போதுமானவை. ஒவ்வொரு மாற்றத்திலும் ஒரு சுரம் நிலைத்திருக்க, மற்றது அரைச்சுரம் மட்டுமே இறங்குகிறது. இவற்றுக்கு இரு விரல்கள் போதுமாகையால், பெருவிரல் பேஸுக்கும் மோதிரவிரல் மெட்டுக்கும் கிடைக்கின்றன. இடக்கையின் சுமையும் குறைகிறது.

நடைபோடும் பேஸ்

நான்கு அடித் தாளத்தில் அடிக்கு ஒரு சுரமாகப் பெருவிரல் வாசித்துச் செல்வது நடைபோடும் பேஸ் எனப்படுகிறது. பிற விரல்கள் அடிகளுக்கு இடையில் குறுகிய சுரக்கூட்டுகளை மீட்டும். இதனைப் படிப்படியாகப் பயில்வது நல்லது:

1. மெட்ரோனோமை 2ஆம், 4ஆம் அடிகளில் ஒலிக்கவைத்து, பேஸை மட்டும் மெதுவாகவும் சீராகவும் வாசித்தல்.
2. சுழற்சிக்கு ஒரு சுரக்கூட்டை, பேஸ் சுரத்துடன் சேர்த்து மீட்டல்.
3. அதே சுரக்கூட்டை அரை அடி தள்ளி மீட்டல். பெருவிரலின் சீர் குலைந்தால் முந்தைய படிக்குத் திரும்ப வேண்டும்.

பாடல் முழுவதும் பேஸ் தொடர வேண்டியதில்லை. ஒரு குரல் நின்ற பின்னும் கேட்பவரின் செவி அதை நினைவில் கொண்டிருக்கும். பேஸ், தனிச்சுர ஓட்டம், சுரக்கூட்டு என மாறி மாறி வாசிப்பதால் மூன்றும் உடன் ஒலிப்பது போன்ற உணர்வு உண்டாகிறது.

குறிப்பிடத்தக்க கலைஞர்கள்

* ஜார்ஜ் வான் எப்ஸ் (1913–1998): வழக்கமான ஆறு தந்திகளுடன் தாழ்ந்த ஏ தந்தி ஒன்றையும் சேர்த்து, ஏழு தந்திக் கிட்டாரை வாசித்தவர்.
* ஜோ பாஸ் (1929–1994): பிக், விரல்கள் இரண்டையும் கையாண்டவர். 1973இல் பதிவான இவரது "வர்ச்சுவோசோ" இசைத்தொகுப்பு தனிக் கிட்டார் வாசிப்பில் முக்கியமானது.
* லெனி பிரோ (1941–1984): செட் அட்கின்ஸின் பெருவிரல் முறையையும் பில் எவன்ஸின் பியானோ ஒத்திசைவையும் இணைத்தவர்.
* டெட் கிரீன் (1946–2005): 1971இல் "கார்ட் கெமிஸ்ட்ரி" என்னும் நூலை வெளியிட்டவர்.